ஊர் எங்கன்னு கேட்டப்போ புகையைக் கைகாட்டின ஊர்: நிக்கோடீமஸ், கேன்சஸ்

நாள் 1

ராத்திரி பத்தரை ஆயிருச்சு. அம்மா தூங்கிட்டாங்க, நான் மோட்டல் ரூம்ல லைட்டைக் கொறைச்சு வெச்சுக்கிட்டு இதை டைப் பண்ணிட்டு இருக்கேன். காலையில கேன்சஸ் சிட்டில இருந்து கிளம்பி ஐ-70 ஹைவேல மேற்க பாத்து வந்துக்கிட்டே இருந்தோம். ஹேஸ்ங்கற இந்த ஊருக்கு நிக்காம வந்தா நாலு மணி நேரம் சொச்சம்தான், அம்மா காலை நீட்டி நடக்கணும்னு அங்கங்க நிறுத்தி நிறுத்தி வந்ததுல பொழுது சாஞ்சிருச்சு. வழி பூரா சோளம், கோதுமை வெதைக்கறதுக்கு உழுது போட்ட காடு, ரோட்டோரம் தானா மொளைச்ச சூரியகாந்தி, அப்புறம் வானம்.

அம்மா கோவில்பட்டிப் பக்கத்து கரிசக்காட்டுக்காரங்க, அப்பா தவறினதுக்கு அப்புறம் இப்பதான் மொத மொத அமெரிக்கா வந்திருக்காங்க. நயாகராவும் நியூயார்க்கும் போன மாசமே ஆயிருச்சு, எல்லாத்தையும் பாத்துட்டு "நல்லாருக்குய்யா"ன்னாங்க, அவ்வளவுதான். இந்தத் தடவை நான் ரொம்ப நாளா போகணும்னு நெனைச்ச எடத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறேன்.

அந்த எடம் நிக்கோடீமஸ். பைபிள் படிக்கிறவங்களுக்கு நிக்கொதேமுன்னு சொன்னா சட்டுன்னு தெரியும், ராத்திரியில இயேசுவைப் பாக்க வந்தவரு, அதே பேருதான். அந்தப் பேரு பைபிள்ல இருந்து வந்ததுன்னு ஒரு சாரார் சொல்றாங்க, அடிமையா கொண்டு வரப்பட்டு தன் விடுதலையைத் தானே காசு குடுத்து வாங்கின ஒரு ஆளைப் பத்தின கதையில இருந்து வந்ததுன்னு இன்னொரு சாரார். எப்படியோ, கிரஹாம் கவுண்டில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி) யூஎஸ் 24 ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு சின்னஞ்சிறு ஊர். இங்க இந்த மாதிரி ஊர்களை அன்இன்கார்ப்பரேட்டட்னு சொல்லுவாங்க, அதாவது நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது, கவுண்டிதான் நேரடியா பாத்துக்கும். இன்னைக்கு அங்க நெரந்தரமா குடியிருக்கறவங்க ஒரு பஸ்ல ஏத்தினா பாதி சீட்டு காலியா கெடக்கும், அவ்வளவு பேருதான். ரெண்டு வருஷம் முன்னாடி கொலராடோ போகும்போது நான் அந்த ஊரைத் தாண்டியே போயிருக்கேன், கண்ணுல படவே இல்ல. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ஏன்னா அது சாதாரண ஊர் இல்ல. உள்நாட்டுப் போர் முடிஞ்சு அடிமை முறை ஒழிஞ்சதுக்கு அப்புறம், தெற்கத்தி மாநிலங்கள்ல வெள்ளைக்காரங்க மறுபடியும் கை ஓங்கினாங்க. 1877ல அங்க காவலுக்கு நின்ன மத்திய ராணுவமும் கையை எடுத்துக்கிச்சு. அதே வருஷம் ஏப்ரல்ல, விடுதலையான கறுப்பின மக்களுக்குன்னு கேன்சஸ்ல ஒரு ஊர் உண்டாக்க நிக்கோடீமஸ் டவுன் கம்பெனின்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. அதுல டபிள்யூ.ஹெச். ஸ்மித், சைமன் ரவுண்ட்ட்ரீன்னு கறுப்பின போதகர்கள் இருந்தாங்க, கூடவே டபிள்யூ.ஆர். ஹில்னு ஒரு வெள்ளைக்கார ரியல் எஸ்டேட் ஆளு. கென்டக்கில நோட்டீஸ் அடிச்சாங்க, 1877 செப்டம்பர் 5ம் தேதி கேன்சஸ் போக விரும்புற கறுப்பின மக்கள் 5 டாலர் கட்டுங்கன்னு. ஹோம்ஸ்டெட் சட்டம் 1862லயே வந்திருச்சு, அஞ்சு வருஷம் குடியிருந்து பயிர் பண்ணினா 160 ஏக்கர் சொந்தம். நேத்து வரைக்கும் தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாம இருந்த ஒரு மனுஷன்கிட்ட 160 ஏக்கர் ஒம்பேர்லன்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்னு நான் இந்த ஐ-70ல ஓட்டிட்டு வரும்போது பூரா அதைத்தான் நெனைச்சுக்கிட்டு வந்தேன்.

நாளைக்கு எல்லிஸ் போயி, அங்க இருந்து அன்னைக்கு குடியேற வந்த ஜனங்க நடந்த வழியில போகப் போறோம். புளியோதரை இன்னும் ஒரு டப்பா மிச்சம் இருக்கு.

நாள் 2

இன்னைக்கு நெறைய எழுதணும், பொறுமையா படிங்க.

ஹேஸ் தாண்டினதும் அம்மா காரை நிறுத்தச் சொன்னாங்க. வேலிக் கம்பத்தைப் பாத்துதான். இந்தப் பக்கத்துல மரமே கிடையாது, அதனால அந்தக் காலத்துல சுண்ணாம்புக்கல்லை நீட்ட நீட்டமா வெட்டி வேலிக்கு நட்டுட்டாங்க, இன்னைக்கும் மைல் கணக்குல நிக்குது, முள்கம்பியை அந்தக் கல்லுல சுத்திக் கட்டியிருக்காங்க. கிட்ட போயி பாத்தோம். கல்லோட நடுவுல குறுக்கால துருப்பிடிச்ச நெறத்துல ஒரு கோடு ஓடுது, ஓரத்துல வெட்டின உளியோட பல்லு பல்லா தடம், கீழே ஒரு எடத்துல சிப்பியோட அச்சு. ஒரு காலத்துல இது பூரா கடல். அம்மா அந்த சிப்பி அச்சுல வெரலை வெச்சுத் தடவிக்கிட்டு நின்னாங்க, "தண்ணி இருந்த எடமாய்யா இது"ன்னு மட்டும் கேட்டாங்க. இன்னைக்குத் தண்ணிக்கு அலையுற பூமி. நூறாவது தீர்க்கரேகைக்கு கிட்ட வந்துட்டோம், இதுக்கு மேற்க போகப் போக மழை கொறைஞ்சுக்கிட்டே போகும்.

எல்லிஸ் ரயில்வே ஊர். க்ரைஸ்லர் கார் கம்பெனி வால்டர் க்ரைஸ்லர் வளர்ந்த வீடு இங்கதான் இருக்கு, மியூசியமா வெச்சிருக்காங்க, நாங்க வெளிய நின்னு பாத்ததோட சரி. எனக்கு வேண்டியது தண்டவாளம். இப்ப யூனியன் பசிபிக், 1877ல அது கேன்சஸ் பசிபிக். கென்டக்கியில ரயில் ஏறின முன்னூறு பேர் சொச்சம் அந்த செப்டம்பர்ல இங்கதான் வந்து எறங்கினாங்க. ஜார்ஜ்டவுன், லெக்சிங்டன் பக்கத்து ஜனங்க. அதுல சில குடும்பங்க, அமெரிக்காவுக்கே துணை ஜனாதிபதியா இருந்த ரிச்சர்ட் எம். ஜான்சனோட பண்ணையில அடிமையா இருந்தவங்க. 

அடுத்த வருஷம், 1878ல, இன்னொரு கூட்டம் வந்துச்சு. போதகர் டேனியல் ஹிக்மன், அவர் மனைவி வில்லியானா ஹிக்மன், அவங்க கூட வந்தவங்க. எல்லிஸ் வந்து எறங்கினதும் பிள்ளைகளுக்குத் தட்டம்மை. டென்ட் அடிச்சுத் தங்க வேண்டியதாப் போச்சு, சில குழந்தைங்க இங்கயே எறந்து போச்சு. சொந்த நெலம்னு நம்பி இவ்வளவு தூரம் வந்து, அங்க போயி சேர்றதுக்கு ரெண்டு நாள் வழி இருக்கறப்போ பிள்ளையைப் பொதைச்சிட்டுப் போறது. இதை அம்மாகிட்ட சொன்னேன், அவங்க பதில் சொல்லல, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கெடந்த சிமெண்ட் கட்டையில உக்காந்துட்டாங்க. ஒரு கூட்ஸ் வண்டி போச்சு, ரொம்ப நேரம் போச்சு.

எல்லிஸ்ல இருந்து வடக்க 35 மைல். ரோடுன்னு ஒண்ணு அப்ப கிடையாது. ஹிக்மன் கூட்டம் திசைகாட்டியை வெச்சுத்தான் வழி பாத்துப் போனாங்களாம், ராத்திரியில ஆம்பளைங்க தீ மூட்டி சுத்தி உக்காந்து, காட்டு மிருகம் அண்டாம இருக்க துப்பாக்கியைச் சுட்டுக்கிட்டே முழிச்சிருந்தாங்களாம். நாங்க ஜல்லி ரோட்ல கார்ல போனோம். சலீன் ஆத்தைத் தாண்டினதும் போன்ல சிக்னல் போச்சு, மேப் நின்னு போச்சு, எந்த முக்குல திரும்பறதுன்னு தெரியல. ரெண்டு தடவை ஒரே காத்தாடிக் கெணத்துக்கிட்டயே வந்து நின்னோம். அப்புறம் அம்மாதான், "பொழுது எடக்கைப் பக்கம் எறங்குதுல்ல, வடக்கதான போகணும், நேரா போய்யா"ன்னாங்க. சரியாத்தான் இருந்துச்சு.

நடுவுல ஒரு எடத்துல காரை ஓரங்கட்டிட்டு நடந்தோம். அந்த வழியில கொஞ்ச தூரமாவது காலால நடக்கணும்னு நான் வீட்லயே முடிவு பண்ணிட்டுதான் வந்தேன். அம்மா நான் மட்டும் போயிட்டு வரட்டும்னு உக்காந்திருப்பாங்கன்னு நெனைச்சேன், செருப்பைக் கழட்டிட்டு ஷூ மாட்டிக்கிட்டு எனக்கு முன்னாடி போறாங்க. முக்கால் மணி நேரம் நடந்திருப்போம். காத்து விடவே இல்ல, காதுக்குள்ள ஊதிக்கிட்டே இருக்கு, பேசினா பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கல. ஒரு மேடு ஏறினா அந்தப் பக்கம் இன்னொரு மேடு, அவ்வளவுதான். நிழல்னு சொல்ல ஒரு மரம் கிடையாது. இடுப்புல பிள்ளை, தலையில மூட்டை, சமையல் சாமான், இதோட ரெண்டு நாள்.

சாயங்காலம் யூஎஸ் 24ல ஏறி நிக்கோடீமஸ் வந்தோம். ரோட்டோரம் ஒரு சின்ன பார்க், சரித்திரம் எழுதின போர்டு, அதுக்குத் தெற்க கொஞ்சம் வீடுங்க, ஒரு தண்ணி டேங்க், கல்லுக் கட்டடம் ஒண்ணு. அம்மா சுத்தும் முத்தும் பாத்துட்டு, "ஊருன்னியே, எங்கய்யா ஊரு?"ன்னாங்க.

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஏன்னா வில்லியானா ஹிக்மன் இதேதான் கேட்டிருக்காங்க. அவங்க வயசான காலத்துல சொன்னது 1937ல பேப்பர்ல வந்திருக்கு. ஆம்பளைங்க எல்லாம் "அதோ நிக்கோடீமஸ்"னு சந்தோஷத்துல கத்தினப்போ, உடம்பு சரியில்லாம இருந்த இவங்க எந்திரிச்சுப் பாத்து "எங்க நிக்கோடீமஸ், எனக்கு ஒண்ணும் தெரியலையே"ன்னு கேட்டாங்களாம். புருஷன் தரையில இருந்து அங்கங்க கெளம்புற புகையைக் காட்டி "அதுதான் நிக்கோடீமஸ்"னாராம். ஜனங்க எல்லாம் மண்ணைத் தோண்டி உள்ள குடியிருந்தாங்க. அதைப் பாத்ததும் நான் அழ ஆரம்பிச்சிட்டேன்னு சொல்லியிருக்காங்க.

ராத்திரிக்கு ஹில் சிட்டில ரூம் எடுத்திருக்கோம், மேற்க ஒரு 12 மைல். அந்த ரியல் எஸ்டேட் ஹில் பேர்ல அமைஞ்ச ஊருதான் இது. இங்க வேட்டை நெறைய கெடைக்கும், காட்டுக் குதிரைங்க திரியுது புடிச்சுப் பழக்கிக்கலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்த ஆளு. வந்து பாத்துட்டு கொதிச்சுப் போயி ஜனங்க அவரைத் தேடினாங்க, அவரு ஒளிஞ்சு தப்பிச்சாருன்னு கதை உண்டு. சுமார் 60 குடும்பம் வந்த வேகத்துல திரும்பிப் போயிருச்சு. ஏமாத்தினவரு பேர்ல ஒரு சிட்டி, கவுண்டிக்கே தலைநகரு, அது எனக்கு மனசு ஆறல.

நாள் 3

காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் நிக்கோடீமஸ்லயேதான் இருந்தோம்.

மொதல்ல டவுன்ஷிப் ஹால், அதாவது ஊர்ப் பொது மண்டபத்துக்குப் போனோம், அதுதான் நான் நேத்து சொன்ன கல்லுக் கட்டடம். 1939ல, பொருளாதார மந்தத்துல வேலையில்லாதவங்களுக்கு வேலை குடுக்க அரசாங்கம் நடத்தின டபிள்யூபிஏ திட்டத்துல கட்டினது, உள்ளூர் சுண்ணாம்புக்கல்லு. இப்ப நேஷனல் பார்க் சர்வீஸோட விசிட்டர் சென்டர் அதுக்குள்ளதான். 1976ல இந்த ஊரை தேசிய சின்னமா அறிவிச்சாங்க, 1996 நவம்பர்ல நேஷனல் ஹிஸ்டாரிக் சைட் ஆச்சு. மொத்தம் அஞ்சு பழைய கட்டடம்தான் இன்னைக்கு மிச்சம். இந்த ஹால், ஏ.எம்.ஈ. (ஆப்பிரிக்கன் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல்) சர்ச், 1907ல கட்டின ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச், 1918ல கட்டின பள்ளிக்கூடம், அப்புறம் செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல். எல்லாமே அரசாங்கத்துது இல்ல, தனியாருக்குச் சொந்தமானதும் இருக்கு, அதனால போறவங்க வெளிய நின்னு பாத்துட்டு வாங்க, ஜன்னல்ல எட்டிப் பாக்காதீங்க, அங்க ஆளுங்க குடியிருக்காங்க, அது அவங்க ஊரு.

உள்ள இருந்த அம்மணி பொறுமையா எல்லாம் சொன்னாங்க, நான் அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லச் சொல்ல, அம்மா கேக்கறதை அவங்களுக்கு இங்கிலீஷ்ல சொன்னேன். அம்மா கேட்ட மொத கேள்வி, "அடுப்புக்கு என்னத்தை எரிச்சாங்க, வெறகே இல்லையே?" நல்ல கேள்வின்னு அந்த அம்மணிக்கு முகமெல்லாம் மலர்ந்துருச்சு. சூரியகாந்தித் தட்டை, ஆத்தங்கரையில கெடைச்ச குச்சி, அப்புறம் காஞ்ச காட்டெருமைச் சாணி. "வறட்டியா!"ன்னாங்க அம்மா. அந்த ஒரு வார்த்தையில அவங்களுக்கு அந்த வீடு புரிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் நான் வெளக்க வேண்டியதே கொறைஞ்சிருச்சு.

வீடுன்னா மேட்டைக் குடைஞ்சு உள்ள ஒரு ரூம் அளவுக்குத் தோண்டிக்கறது. முன்னாடி கல்லோ, புல்லோட சேத்து வெட்டி எடுத்த மண்ணுக் கட்டியோ வெச்சு அடைச்சு, மேல குச்சியைப் பரப்பி, புல்லு மண்ணு போட்டு மூடிக்கறது. செவுத்துலயே குடைஞ்சு அடுப்பு, அதுல இருந்து மேல ஒரு பொகைப் போக்கி. அதைத்தான் தூரத்துல இருந்து பாத்தா தரையில இருந்து புகை கெளம்புற மாதிரி இருந்திருக்கு. மொத வருஷம் கலப்பை மாடெல்லாம் அரிதாத்தான் இருந்துச்சு, மண்வெட்டியால கொத்திதான் பயிர் வெச்சாங்க. செப்டம்பர்ல வந்தவங்களுக்கு எந்த வெள்ளாமையும் கெடையாது, நேரா பனிக்காலம். அந்தப் பனிக்காலத்துல வேட்டை முடிச்சுத் திரும்பிக்கிட்டு இருந்த ஓசேஜ் பழங்குடி மக்கள் தங்ககிட்ட இருந்த கறியில பங்கு குடுத்துட்டுப் போனதுன்னுதான் இந்த ஊர்ல இன்னைக்கும் சொல்றாங்க. அந்த ஓசேஜ் ஜனங்களையும் அவங்க நெலத்துல இருந்து தொரத்தி விட்டிருந்தாங்க, அதை மறக்கக் கூடாது. ஆம்பளைங்க கூலிக்கு ரயில்வே வேலைக்கு தூரம் தொலைக்குப் போயிட்டாங்க, புல்வெளியில கெடந்த காட்டெருமை எலும்பைப் பொறுக்கி வித்தாங்க. எம்மா வில்லியம்ஸ்னு ஒரு பொண்ணு வந்து சேந்த சில வாரத்துல அந்த மண்ணுக் குழிக்குள்ள பிரசவம் ஆனாங்க, பையன், பேரு ஹென்றி வில்லியம்ஸ். இந்த ஊர்ல பொறந்த மொத குழந்தை.

இவ்வளவுக்கும் அப்புறம் அவங்க ஊரைக் கட்டினாங்க, அதுதான் என்னால நம்பவே முடியல. ஃப்ளெட்ச்சர் தம்பதியோட செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டல் 1880 வாக்குல வந்துச்சு, அதுலயே போஸ்ட் ஆபீஸ், அதுலயே பள்ளிக்கூடம். ஜெனி ஃப்ளெட்ச்சர்தான் மொத டீச்சர். அடிமையா இருந்தப்போ தெற்க பல மாநிலத்துல எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தாலே சட்டப்படி குத்தம், அப்படிப்பட்ட ஜனங்க வந்து எறங்கின சூட்டுல பள்ளிக்கூடம் வெச்சிருக்காங்க. 1880கள் நடுவுல கடைங்க, பேங்க், ஹோட்டல், ஐஸ்க்ரீம் கடை வரைக்கும் இருந்துச்சு. 1886ல வெஸ்டர்ன் சைக்ளோன்னு ஒரு பேப்பர், அடுத்த வருஷமே நிக்கோடீமஸ் என்டர்ப்ரைஸ்னு இன்னொரு பேப்பர். இவ்வளவு சின்ன ஊருக்கு ரெண்டு பேப்பர்! இங்க குடியேறின எட்வர்ட் மெக்கேப் 1882ல கேன்சஸ் மாநிலத்துக்கே ஆடிட்டரா ஜெயிச்சாரு, 1884ல மறுபடியும் ஜெயிச்சாரு.

வெளிய வந்து ஹோட்டல் கட்டடத்துக்கு எதிர்ல ரோட்ல நின்னோம், பின்னாடி அது ஸ்விட்சர் குடும்பத்து வீடா ஆயிருச்சு. அந்தப் பேரு இங்க அமெரிக்கன் ஃபுட்பால் பாக்கறவங்களுக்குத் தெரியும், வெரில் ஸ்விட்சர் இந்த ஊர்ல 1932ல பொறந்தவரு, 1954ல டீமுங்க புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுத்தப்போ நாலாவது ஆளா அவரை கிரீன் பே பேக்கர்ஸ் டீம் எடுத்துச்சு. ஏ.எம்.ஈ. சர்ச் இப்ப பார்க் சர்வீஸ்கிட்ட இருக்கு, சரி பண்ணி அழகா வெச்சிருக்காங்க. பாப்டிஸ்ட் சர்ச் பழசு பக்கத்துலயே 1975ல புதுசா ஒண்ணு கட்டிக்கிட்டாங்க. கூட்டம் மொதல்ல நடந்தது மண்ணுக் குழிக்குள்ள, அப்புறம் கல்லு, அப்புறம் செங்கல்.

மத்தியானம் பார்க்ல உக்காந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். பக்கத்து காட்டோரத்துல பிக்கப் வண்டியை நிறுத்திட்டு ஒரு பெரியவர் நின்னுக்கிட்டு இருந்தாரு, எழுபது தாண்டியிருக்கும், தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னாரு. காட்ல சோளம், குட்டைச் சோளம்தான், மைலோன்னு சொல்றாங்க, இடுப்பு ஒசரத்துக்கு மேல போகல, கதிரு செங்கல் நெறத்துல பழுத்து நிக்குது. அம்மா நேரா அவர்கிட்ட போயிட்டாங்க. ஒரு கதிரைத் தொடாம, கிட்ட குனிஞ்சு மணியைப் பாத்துட்டு, என்னைத் திரும்பிப் பாத்து "மழை பேஞ்சுச்சான்னு கேளுய்யா"ன்னாங்க. கேட்டேன். அவரு வானத்தைப் பாத்தாரு, "ஒரு மழை கொறைஞ்சு போச்சு"ன்னாரு. நான் சொன்னதும் அம்மா, "ஆமா, கடைசி மழை தப்பியிருக்கு, மணி பால் புடிக்கல பாரு"ன்னாங்க. அதை அவர்கிட்ட சொன்னேன். அவரு ஒரு நிமிஷம் அம்மாவையே பாத்தாரு, அப்புறம் ஒரு கதிரை ஒடிச்சு, உள்ளங்கையில தேச்சு ஊதி, மணியை அம்மா கையில கொட்டினாரு. ரெண்டு பேரும் வாயில போட்டுக் கடிச்சுப் பாத்துக்கிட்டு நின்னாங்க. நான் மொழிபெயர்க்க ஒண்ணும் இல்ல.

அவரோட கொள்ளுத்தாத்தா இங்க வந்து நெலம் எடுத்தவராம். இந்தப் பெரியவரு வேலைக்குன்னு பல வருஷம் டென்வர்ல இருந்துட்டு திரும்பி வந்துட்டாராம். நெலத்தை ஏன் விக்கலன்னு நான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதோன்னு அப்புறம் தோணுச்சு. "அவங்க இதுக்காக நடந்தாங்க"ன்னாரு.

நாள் 4

காலையில போக் போனோம். நிக்கோடீமஸ்க்குத் தென்மேற்க சில மைல்தான், நடுவுல தெற்கு சாலமன் ஆறு. ஆறுன்னா பெருசா நெனைக்காதீங்க, எங்க ஊர் ஓடை மாதிரி, அடியில கொஞ்சம் தண்ணி, கரையில காட்டன்வுட் மரம்.

நிக்கோடீமஸ் கொறைஞ்சதுக்குக் காரணம் இந்த ஆத்தோட அந்தக் கரைதான். 1887ல ரயில் வரப் போகுதுன்னு ஊரே காத்துக்கிட்டு இருந்துச்சு. மிசௌரி பசிபிக் கம்பெனி லைன் போட உதவியா 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் குடுக்கலாம்னு டவுன்ஷிப்ல ஓட்டுப் போட்டாங்க. பத்து வருஷம் முன்னாடி குழிக்குள்ள குடியிருந்தவங்க 16,000 டாலர் பொறுப்பு ஏத்துக்க முன்வந்திருக்காங்க, அந்த நம்பிக்கையை நெனைச்சுப் பாருங்க. பேப்பர்ல எல்லாம் ரயில் பேச்சுதான், மனை வெலை ஏறுது, வெளியூர்ல இருந்து கடைக்காரங்க வர்றாங்க. கடைசில மிசௌரி பசிபிக் லைன் கெழக்க ஸ்டாக்டனோட நின்னு போச்சு. யூனியன் பசிபிக் 1888ல ஆத்துக்குத் தெற்க லைன் போட்டுச்சு, அங்க வேலைக்கு கேம்ப் போட்ட எடம்தான் போக்னு ஊராச்சு. நிக்கோடீமஸ்ல இருந்த கடைங்க ஒண்ணொண்ணா ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருச்சு, கட்டடத்தையே பேத்து எடுத்துட்டுப் போனவங்களும் உண்டு. பேப்பர் நின்னுச்சு. மெக்கேப்பும் ஒக்லஹோமா பக்கம் போயிட்டாரு, அங்க லாங்ஸ்டன்னு இன்னொரு கறுப்பின ஊர் உண்டாக்க. ஆனா விவசாயம் பண்ணினவங்க போகல. அவங்களுக்கு 160 ஏக்கரை சக்கரம் கட்டி இழுத்துட்டுப் போக முடியாதுல்ல.

அந்த ஜனங்களையும் 1930கள்ல வந்த வறட்சியும் புழுதிப் புயலும் அசைச்சிருச்சு. இளவட்டங்க டென்வருக்கும் கேன்சஸ் சிட்டிக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போனாங்க. 1953ல போஸ்ட் ஆபீஸையும் மூடினாங்க.

போக்ல ஒசரமா தானியக் கிடங்கு இருக்கு, அதுவும் சின்ன ஊர்தான் இன்னைக்கு. ரயிலை வெச்சு ஜெயிச்ச ஊரும் இப்ப பெருசா ஒண்ணும் இல்லைங்கறதை அங்க நின்னு பாத்தப்போ சந்தோஷம் வரல, கஷ்டமாத்தான் இருந்துச்சு.

திரும்ப வர்ற வழியில கல்லறைக்குப் போனோம். காஞ்ச புல்லு, காத்து, எழுத்து தேஞ்சு போன கல்லுங்க, நடுவுல புதுசா பளபளன்னு ரெண்டு மூணு கல்லு. வெளியூர்ல செத்தவங்களையும் இங்க கொண்டாந்து பொதைக்கறாங்க. அம்மா ஒவ்வொரு கல்லா நின்னு, பேரைப் படிக்கத் தெரியாட்டியும் வருஷத்தை மட்டும் படிச்சுக் கணக்குப் போட்டாங்க. "இவுக எழுபத்தெட்டு இருந்திருக்காக... இது பிள்ளை, ரெண்டு வயசு." வில்லியானா ஹிக்மன் அழுதாங்கன்னு சொன்னேன்ல, அவங்க கதை அதோட முடியல. நாள் போகப் போக மனசு ஒட்டிக்கிச்சு, நெலத்தைத் திருத்தினோம், கிட்டத்தட்ட இருபது வருஷம் அங்கயே இருந்தோம்னு சொல்லியிருக்காங்க. இதை கல்லறைக்குள்ள நின்னு அம்மாகிட்ட சொன்னேன். "ஆமா, மொத வருஷம் அழுகத்தான் வரும்"னாங்க. அவங்க கல்யாணமாகி எங்க ஊருக்கு வந்ததைச் சொல்றாங்களா, அப்பா போனதைச் சொல்றாங்களான்னு நான் கேக்கல.

அப்புறம் கெழக்க பாத்துக் கெளம்பினோம். நிக்கோடீமஸ் தாண்டும்போது காரோட மைல் மீட்டரை ஜீரோ பண்ணினேன், ஸ்டாக்டன்ல தண்டவாளம் நின்னு போன தூரம் எவ்வளவுன்னு பாக்கணும்னு இருந்துச்சு. சுமார் 20 மைல். இருபது நிமிஷம் ஆகல. ஸ்டாக்டன்ல பெட்ரோல் போட்டுக்கிட்டு அந்த நம்பரையே பாத்துக்கிட்டு நின்னேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். வருஷா வருஷம் ஜூலை கடைசி வாரத்துல இந்த ஊர்ல ஹோம்கமிங் நடக்கும், எமான்சிபேஷன் விழா, அதாவது அடிமை விடுதலை விழா, 1878லயே ஆரம்பிச்சது. நாடு பூரா செதறிக் கெடக்கற வாரிசுங்க எல்லாம் அந்த மூணு நாலு நாளுக்கு வந்து சேருவாங்க, ஊர்வலம், பாட்டு, சாப்பாடு, ஊர் நெறைஞ்சு போகும்னு விசிட்டர் சென்டர் அம்மணி சொன்னாங்க. இதை நான் ஹேஸ் தாண்டி ஐ-70ல ஏறினதுக்கு அப்புறம்தான் அம்மாகிட்ட சொன்னேன்.

"ஜூலைக் கடைசின்னா நமக்கு என்ன மாசம்?"

"ஆடிம்மா."

"ஆடிக்கொடை மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. கொஞ்ச நேரம் வெளிய பாத்துக்கிட்டு வந்தாங்க. பர்ஸைத் தொறந்து, பேப்பர்ல மடிச்சு வெச்சிருந்த நேத்துச் சோள மணியை எடுத்துப் பாத்துட்டு மறுபடி உள்ள வெச்சாங்க. சலைனா வந்தப்போ, "அடுத்த தடவை எனக்கு டிக்கெட்டு ஆடிக்குப் போடுய்யா"ன்னாங்க.